கிரேன் சும்மா நிற்பது கிரேனின் குற்றமா?

திருவொற்றியூர் தேரடியிலிருந்து ராயபுரம் கல்மண்டபம் வரை, வீட்டில் கம்ப்யூட்டர் வைத்து கேம் ஆடும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே எண் மனப்பாடம்: 99. கேம் ஓடும்போது திரையின் மூலையில் ‘ஜிபியு யூசேஜ்’ 99-இல் நின்றால் எல்லாம் நலம். 60-இல் நின்றால் எங்கோ கோளாறு. 40 என்றால், “போச்சு ப்ரோ, பாட்டில்நெக்.” தீர்ப்பு சொல்லியாகிவிட்டது, இனி தண்டனைதான். ப்ராசஸரை மாற்று. ப்ராசஸர் மாறினால் மதர்போர்டு மாற வேண்டும். மதர்போர்டு மாறினால் பழைய ரேம் பொருந்தாது. கார்டுக்கு ஒரு பெரிய தொகையைக் கொட்டியவன் அதே அளவு இன்னொரு தொகையைக் கடன் வாங்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்கு பஸ் ஏறுகிறான்.

இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது, பாதி தவறு என்று சமாதானம் பேச எனக்கு விருப்பமில்லை. அடிப்படையே தவறு. அந்த எண் கார்டின் ஆரோக்கியத்தை அளப்பதல்ல. எண் குறைவாக இருப்பது பெரும்பாலான நேரங்களில் கோளாறே அல்ல. கோளாறாக இருக்கும் நேரங்களிலும் அது கார்டில் இருப்பது அபூர்வம். 99-ஐத் துரத்துவது ஆட்டத்தையே கெடுக்கவும் கூடும்.

இதை விளக்க வடசென்னைக்காரருக்கு வெளியூர் உதாரணம் எதற்கு? துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு வெளியே கன்டெய்னர் ட்ரெய்லர்கள் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று அந்த வரிசை நீண்ட நாட்கள் உண்டு. டிரைவர்கள் வண்டிக்கடியிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த நாட்கள் அவை. அந்த நேரத்தில் உள்ளே கப்பலோரம் கிரேன் சும்மா நின்றிருக்கும். அதைப் பார்த்து, “கிரேன் பாதி நேரம்தான் ஓடுது, கிரேன் சரியில்லை” என்று எந்தத் துறைமுக ஊழியராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சாலையை அகலப்படுத்து, கேட்டைச் சரிசெய், பேப்பர் வேலையை வேகமாக்கு என்றுதான் எல்லோரும் பேசினார்கள். துறைமுகத்தையும் மதுரவாயலையும் இணைக்கும் உயர்மட்டச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டி, 2012-இல் வேலை நின்று, 2022 மே மாதம் ஈரடுக்குச் சாலையாக மறுபடியும் அடிக்கல் நாட்டியதெல்லாம் எதற்காக? கிரேனுக்கு வேலை போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. ஒரு கிரேனை மாற்றி இன்னொன்று வாங்கியிருந்தால் கன்டெய்னர் அதே தாமதத்தோடுதான் வந்திருக்கும். கிரேன் மட்டும் இன்னும் அதிக நேரம் சும்மா நின்றிருக்கும்.

கேமிலும் இதேதான் நடக்கிறது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எதில் பட்டது, எந்தச் சுவர் கண்ணில் படும், எதையெல்லாம் வரைய வேண்டும் என்று ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் முடிவு செய்து கட்டளைகளை அடுக்கி அனுப்புவது ப்ராசஸர். வந்து சேர்ந்ததை வரைவது கார்டு. ஒரு ஃப்ரேமைத் தயார் செய்ய ப்ராசஸருக்கு 8 மில்லிசெகண்ட், அதை வரைய கார்டுக்கு 4 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 125 ஃப்ரேம் வரும். கார்டு பாதி நேரம் வரைகிறது, பாதி நேரம் அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கிறது. யூசேஜ் 50. இப்போது இரண்டு மடங்கு வேகமான கார்டை வாங்கிப் பொருத்துகிறீர்கள். வரைய 2 மில்லிசெகண்ட் போதும். ஃப்ரேம் அதே 125. யூசேஜ் 25. கார்டு உயர்ந்தது, எண் விழுந்தது! புதுக் கார்டு வாங்கிய மறுநாளே “யூசேஜ் இன்னும் குறைஞ்சிடுச்சு, பீஸ் ஏதோ ப்ராப்ளம்” என்று பில்லோடு கடைக்கு ஓடுபவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

அதே கம்ப்யூட்டரில் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாட்டி வி-சிங்க் போட்டால் ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட் கிடைக்கும். கார்டு அதில் 4 மில்லிசெகண்ட்தான் உழைக்கும். எண் 24 என்று காட்டும். மானிட்டரால் காட்ட முடிந்த அத்தனை ஃப்ரேமும் சரியாக வந்துகொண்டிருக்கும், ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும். மூலையில் இருக்கும் எண்ணைப் பார்க்காதவன் சந்தோஷமாக ஆடுவான். பார்த்தவனுக்குத் தூக்கம் போகும்.

சரி, அந்த எண் எதைத்தான் அளக்கிறது? என்விடியா தன் கருவிக்குத் தரும் விளக்கம் தெளிவாக இருக்கிறது. கடந்த ஒரு சிறு கால அளவில், கார்டில் ஏதாவது ஒரு வேலையாவது ஓடிக்கொண்டிருந்த நேரத்தின் பங்கு, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான கோர்களில் எத்தனை உழைத்தன என்று அது சொல்வதில்லை. எந்த வேகத்தில் உழைத்தன என்றும் சொல்வதில்லை. விண்டோஸின் டாஸ்க் மேனேஜருக்கு 2017 அக்டோபர் அப்டேட்டில்தான் ஜிபியு பக்கம் வந்தது. அது காட்டும் மொத்த எண், கார்டின் பல எஞ்சின்களில் எது அதிக வேலையாக இருக்கிறதோ அதன் எண். அதுவரை தனி மென்பொருள் போட்டுப் பார்க்க வேண்டியிருந்த ஒன்று எல்லோர் திரைக்கும் வந்தது. எண் வந்தது, எண்ணைப் படிக்கும் பழக்கம் கூடவே வரவில்லை.

வேகத்தைச் சொல்லாத எண் என்றேனே, அதன் விபரீதத்தைப் பாருங்கள். கார்டுக்கு வேலை குறைவாக இருந்தால் அது தன் க்ளாக்கைத் தானே குறைத்துக்கொள்ளும், மின்சாரம் மிச்சமாகும். க்ளாக் குறைந்தால் அதே வேலையை முடிக்க அதிக நேரம் ஆகும், யூசேஜ் உயர்ந்து தெரியும். “மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ் வை” என்று ஊரே சொல்லும் டிரைவர் செட்டிங்கைப் போட்டால் க்ளாக் மேலேயே நிற்கும், வேலை சீக்கிரம் முடியும், யூசேஜ் குறையும். அதாவது யூசேஜைக் கூட்டுவதற்கென்று சொல்லப்படும் வைத்தியமே அதைக் குறைக்க வல்லது.

இதைவிட ஒன்று இருக்கிறது. தெர்மல் பேஸ்ட் காய்ந்து, ஃபேன் ஒன்று நின்று, சூடு தாங்காமல் க்ளாக்கைப் பாதியாக வெட்டிக்கொண்டு திணறும் கார்டு எத்தனை சதவீதம் காட்டும்? 99. குறைந்த வேகத்தில் விடாமல் உழைத்துக்கொண்டே இருக்கிறதல்லவா, அதனால் 99. உண்மையிலேயே பழுதான கார்டு முழு மார்க் வாங்குகிறது. நல்ல கார்டு 50 வாங்கி ஃபெயிலாகிறது. இப்படி ஒரு தேர்வை நம்பியா ஆயிரக்கணக்கில் செலவழிப்பது?

“அப்போ யூடியூப்ல அதே கார்டு 98 காட்டுதே?” என்பார்கள். காட்டத்தான் செய்யும். கார்டை விமர்சிப்பவர் கார்டின் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் சந்தையில் இருக்கும் மிக வேகமான ப்ராசஸரைப் போட்டு, கேமின் செட்டிங்கை உச்சத்தில் வைத்து, கார்டு மட்டும் திணறும்படி சோதனையை அமைக்கிறார். அவரே அடுத்த வாரம் ஒரு ப்ராசஸரை விமர்சிக்கும்போது செய்வது தலைகீழ். மிக விலையுயர்ந்த கார்டைப் போட்டு, ரெசல்யூஷனைக் குறைத்து, கார்டு சும்மா இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார். அந்த வீடியோவில் யூசேஜ் குறைவாக இருந்தால்தான் சோதனை செல்லும். இரண்டு வீடியோவையும் பார்ப்பவர்கள் முதலாவதில் தெரிந்த எண்ணை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள்.

எந்த கேம் என்ற கேள்வியே இல்லாமல் இந்தத் தீர்ப்புகள் வழங்கப்படுவதுதான் எனக்கு விளங்காத ஒன்று. வாலரன்ட் 2020 ஜூனில் வந்தபோதே, இன்டெல் ஹெச்டி 4000 என்ற பழைய உள்ளமை கிராஃபிக்ஸிலும் ஓட வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்த கேம். அதில் ஒரு ஆர்டிஎக்ஸ் கார்டுக்கு என்ன வேலை இருக்கப்போகிறது? எமுலேட்டரில் ஆண்ட்ராய்டு கேம் ஆடுபவரின் கார்டு 15-ஐத் தாண்டாவிட்டால் அதில் வியக்க என்ன இருக்கிறது? ஆனால் இணையத்தில் ‘பாட்டில்நெக் கால்குலேட்டர்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ப்ராசஸர் பெயரையும் கார்டு பெயரையும் கொடுத்தால் “உங்களுக்கு இத்தனை சதவீதம் பாட்டில்நெக்” என்று ஜாதகப் பொருத்தம் சொல்லும். ஒரே ஜோடி ஒரு கேமில் ப்ராசஸரிலும், அதே கேமில் ரெசல்யூஷனை ஏற்றினால் கார்டிலும் தேங்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண் என்பது கணக்கு ஆகாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். “கார்டு 50, ப்ராசஸரும் 30 சதவீதம்தான். ரெண்டுமே சும்மா இருக்கு, ஆனா ஃப்ரேம் மட்டும் ஏறல. அப்போ கோளாறுதானேண்ணா?” கேட்டால் நியாயமாகத் தோன்றும். ஆனால் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் உள்ள ப்ராசஸரில் ஒரு த்ரெட் முழுமூச்சாக ஓடினால் டாஸ்க் மேனேஜர் சுமார் 8 சதவீதம் என்றுதான் காட்டும். கேமின் முக்கிய வேலை பெரும்பாலும் ஒன்றிரண்டு த்ரெட்டில்தான் நடக்கிறது. அது மூச்சுமுட்டிக்கொண்டிருக்கும்போது மற்ற பத்தும் வேடிக்கை பார்க்கும். மொத்தத்தில் 30 என்று சாதுவாகத் தெரியும். விண்டோஸ் அந்த த்ரெட்டை ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால், கோர்வாரியாகப் பிரித்துப் பார்த்தாலும் எதுவும் 100-ஐத் தொடாமல் போகலாம். ஆகவே ‘ரெண்டுமே சும்மா’ என்பது பார்வைக் கோளாறு. டிரைவரை அழித்து மறுபடி போடுவது, விண்டோஸை ஃபார்மட் அடிப்பது, ‘கேம் பூஸ்டர்’ இறக்குவது என்று ஒரு வார விடுமுறையை இதற்காக வீணடிப்பவர்கள் இந்த ஒரு பாராவைப் படித்திருந்தால் அந்த வாரம் முழுக்க ஆடியிருக்கலாம்.

ஒரே ஒரு சோதனை போதும். கேமில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃப்ரேம் ஏறினால் கார்டுதான் எல்லையாக இருந்தது. ஏறவே இல்லையென்றால் எல்லை வேறெங்கோ இருக்கிறது: ப்ராசஸர், ரேம், அல்லது நீங்களே போட்டு மறந்த ஃப்ரேம் லிமிட். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு இன்டெல்லின் ப்ரசன்ட்மான் இருக்கிறது. ஒரு ஃப்ரேம் மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது, அதில் கார்டு எவ்வளவு நேரம் உழைத்தது என்று 2023 முதல் அது பிரித்துக் காட்டுகிறது. இலவசம்தான். சதவீதத்தை விட்டுவிட்டு மில்லிசெகண்டைப் பார்க்கப் பழகியவரை யாரும் ஏமாற்ற முடியாது.

எண் குறைவது எப்போதுமே கோளாறு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் உண்மையான கோளாறுகளின் பட்டியலைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. மானிட்டர் கேபிளை கார்டில் மாட்டாமல் மதர்போர்டில் மாட்டியிருப்பது இன்றும் முதலிடத்துக்குப் போட்டி போடும். 2021-இல் கார்டு விலை எகிறியபோது ரைசன் 5600ஜி போன்ற, கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ப்ராசஸரை வாங்கிச் சமாளித்தவர்கள் நிறையப் பேர். பிறகு விலை இறங்கியதும் கார்டு வாங்கிப் பொருத்தினார்கள், ஹெச்டிஎம்ஐ கேபிள் மட்டும் பழைய ஓட்டையிலேயே இருந்துவிட்டது. திரையில் படம் வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. கார்டு அங்கே வாடகை இல்லாமல் குடியிருக்கும்.

அடுத்தது ரேம். இங்கே அசெம்பிள் செய்து தரப்படும் கம்ப்யூட்டர்களில் 16 ஜிபி ஒரே குச்சியாகப் போட்டுக்கொடுப்பது சகஜம். “பின்னாடி இன்னொண்ணு போட்டுக்கலாம் தம்பி” என்பார்கள், அந்தப் பின்னாடி வருவதேயில்லை. டிடிஆர்4-3200 ரேம் ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி கொண்டுவரும், இரண்டு சேனலில் 51.2. ப்ராசஸருக்கு வரும் சாலையில் பாதியை மூடிவைத்துவிட்டு ப்ராசஸர் மெதுவாக இருக்கிறது என்று புகார் செய்கிறோம். இரண்டு குச்சி இருந்தாலும், நான்கு ஓட்டை உள்ள போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் செருகினால் பல போர்டுகளில் பயனில்லை. பயாஸில் எக்ஸ்எம்பியைத் திறக்காவிட்டால் 3200 என்று அச்சிட்ட பல ரேம்கள் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு பூஜ்யம், நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம்.

கார்டை மதர்போர்டின் கீழ் ஸ்லாட்டில் செருகியிருப்பதும் உண்டு. பார்வைக்கு மேல் ஸ்லாட்டைப் போலவே நீளமாக இருக்கும், உள்ளே பெரும்பாலும் நான்கு லேன்தான் ஓடும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டோ மேல் ஸ்லாட்டில் போட்டாலும் நான்கு லேன்தான். 4 ஜிபி மெமரி நிறைந்து வழிந்தால் பழைய பிசிஐ 3.0 போர்டில் அது படும் பாடு பரிதாபம். மெமரி நிறைந்தால் எந்தக் கார்டிலும் யூசேஜ் குப்புற விழும், படம் வெட்டி வெட்டி ஓடும். டெக்ஸ்சரை ஒரு படி குறைத்தால் தீரும் பிரச்சினைக்கு ப்ராசஸரைத் தூக்குமேடை ஏற்றுகிறார்கள்.

இனி நம் ஊருக்கே உரிய காரணம். ராயபுரத்தில் துணி காயப்போட்டால் கரித்தூள் படியும் என்று பெண்கள் புலம்பிய காலம் உண்டு. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம், நிலக்கரியையும் இரும்புத்தாதுவையும் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்றது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது, புலம்பலும் கூடவே போனது. அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றை என்ன செய்திருக்கிறது என்று எண்ணூர்க்காரர்களைக் கேளுங்கள். இந்தக் காற்றைத்தான் கேபினட்டின் ஃபேன்கள் நாள் முழுக்க உள்ளே இழுக்கின்றன. அதோடு கடற்காற்றின் ஈரமும் உப்பும் சேர்ந்தால் தூசி தூசியாக இருப்பதில்லை, கூலரின் தகடுகளுக்கிடையே பசையாக அப்பிக்கொள்கிறது. அலுமினியத் தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது. ப்ராசஸர் சூடேறி, ரைசன் 5000 வரிசை என்றால் மாடலைப் பொறுத்து 90 அல்லது 95 டிகிரியைத் தொட்டதும், வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வேகம் குறைந்ததும் கார்டுக்கு வேலை மெதுவாக வருகிறது, யூசேஜ் விழுகிறது. ஆட ஆரம்பித்து முதல் பத்து நிமிஷம் 90, பிறகு 55 என்று இறங்கினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தேவைப்படுவது ஒரு ப்ளோயரும் ஒரு டியூப் தெர்மல் பேஸ்ட்டும். (ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழல விட்டால் பேரிங் போகும்.) கார்டைக் கழற்றி, அதன் விளிம்பில் இருக்கும் தொடுமுனைகளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து மறுபடி செருகும் நம்மூர் சர்வீஸ் கைவேலையைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. உப்புக்காற்று ஊரில் எத்தனையோ கார்டுகளின் தொடர்பு அதனால்தான் சீராகியிருக்கிறது.

சதவீதத்தைத் துரத்துவது ஆட்டத்தைக் கெடுக்கும் என்று தொடக்கத்தில் சொன்னேன். கார்டு முழுக்க நிறைந்திருக்கும்போது ப்ராசஸர் தயார் செய்த ஃப்ரேம்கள் வரிசையில் காத்திருக்கும். நீங்கள் மவுஸை அழுத்திய கணம் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும். திரையில் துப்பாக்கி வெடிப்பது சற்றுத் தாமதமாகும். வாலரன்ட் ஆடுகிறவனுக்கு அந்தச் சற்று என்பது உயிர். இந்த வரிசையை ஒழிக்கத்தான் 2020 செப்டம்பரில் என்விடியா ரிஃப்ளெக்ஸ் என்ற வசதியைக் கொண்டுவந்தது, முதலில் அதை ஏற்ற கேம்களில் வாலரன்டும் ஒன்று. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஜி-சிங்க், வி-சிங்க் இரண்டோடும் அதைப் போட்டால் ஃப்ரேமை 138 அளவில் தானே பிடித்து நிறுத்தும். கார்டைச் செய்த கம்பெனியே கார்டை மூச்சுத்திணற விடாதே என்கிறது. வாங்கியவர் 99 கேட்கிறார்.

துறைமுகத் திட்டமிடலில் இது பழைய பாடம். ஐக்கிய நாடுகளின் அமைப்பான அங்க்டாட், திட்டமிடுவோருக்கென வெளியிட்ட கையேட்டில், ஒரே ஒரு பெர்த் இருக்கும் இடத்தில் அது நிறைந்திருக்கும் நேரம் 40 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்கிறது. ஆறு பெர்த்துக்கு மேல் இருந்தால் 70 வரை போகலாம். அதற்கு மேல் போனால் நடுக்கடலில் கப்பல்கள் காத்துக் கிடக்கும். எண் நிறைந்தால் திறமை என்று நினைப்பவரிடம் துறைமுகத்தைக் கொடுத்தால், நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களை மெரினாவிலிருந்தே எண்ணலாம்.

மின் கட்டணத்தையும் பார்த்துவிடுவோம். ஆர்டிஎக்ஸ் 3060 முழு வேலையில் 170 வாட் இழுக்கும். தினம் நான்கு மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்தில் கார்டுக்கு மட்டும் 40 யூனிட் சொச்சம். மானிட்டருக்குத் தேவையான அளவோடு ஃப்ரேமை நிறுத்தினால் இது பாதியாகக் குறையலாம். ஃப்ரிட்ஜும் ஏசியும் உள்ள வீட்டில் இருமாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதைத் தமிழ்நாட்டில் அம்மாக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இழுத்த மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகி அந்தச் சின்ன அறைக்குள்ளேயே நிற்கிறது. மே மாதத்தில் அந்த அறையின் சூட்டைத்தான் ப்ராசஸரும் சுவாசிக்கிறது.

கடைக்காரர்களைத் திட்டுவது என் நோக்கமல்ல. ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் பிழைப்பு நடத்துபவர்களுக்கு லாபம் பொருளில்தான் இருக்கிறது. கால் மணி நேரம் உட்கார்ந்து பயாஸைத் திறந்து எக்ஸ்எம்பி போட்டுக் கொடுத்தால் அதற்கு யாரும் காசு தருவதில்லை, “இதுக்கெல்லாமா சார்ஜ்?” என்கிறோம். அறிவுக்குக் காசு கொடுக்க மறுப்பவர்களுக்குப் பொருளைத்தான் விற்பார்கள். ஆனால் ‘பாட்டில்நெக்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பி, ஷிஃப்ட் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தைத் தூக்கிக் கொடுப்பது நாம்தான். குறைந்தபட்சம் ரெசல்யூஷன் சோதனையைச் செய்துவிட்டாவது கடைக்குப் போகலாம். கார்டு மிச்சமாக இருக்கிறது என்று தெரிந்தால் அந்த மிச்சத்தைச் செலவழிக்கவும் வழி இருக்கிறது. நிழல், டெக்ஸ்சர், ரெசல்யூஷன் மூன்றையும் ஏற்றுங்கள். ப்ராசஸர் எல்லையாக இருக்கும்வரை ஃப்ரேம் அநேகமாகக் குறையாது, படம் மட்டும் அழகாகும். எண் கூட உயரும், அதுதான் வேண்டுமென்றால்.

ப்ராசஸர் உண்மையிலேயே போதாத இடங்களும் இருக்கின்றன. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய, நான்காம் தலைமுறை ஐ5 உள்ள பெட்டிகள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. 2013-இல் வந்த ப்ராசஸர், நான்கு கோர், நான்கே த்ரெட், டிடிஆர்3 ரேம். அதில் ஆர்டிஎக்ஸ் 3060-ஐப் போட்டுவிட்டு கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல் 144 ஃப்ரேம் வேண்டும் என்றால் நடக்காது. கதை கேமை 60 ஃப்ரேமில் ஆடுபவருக்கு அதுவே இன்னும் சில காலம் ஓடும். 144 வேண்டியவர் போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றையும் மாற்றத்தான் வேண்டும். கம்பெனிப் பெட்டிகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸும் கேபினட்டும் அவர்களுக்கே உரிய அளவில் இருப்பதால் அவற்றுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். கடையில் எக்ஸ்சேஞ்ச் என்று பழைய பெட்டியை மொத்தமாகக் கேட்பார்கள். கொடுக்குமுன் கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். புது போர்டில் மேல் ஸ்லாட்டில் அது அப்படியே உட்காரும்.